பைண்டிங்கிற்குப் போன புத்தகம்

நாற்காலி ஆடும் என்று உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முன்னங்கால் ஒன்று தேய்ந்துவிட்டது. பழக்கமில்லாதவர்கள் உட்கார்ந்தவுடன் திடுக்கிட்டு மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். நீங்களும் பிடித்துக்கொண்டீர்கள். ஒரு கையால் மேசையையும் மறு கையால் மடியிலிருந்த பையையும் பிடித்தபடி, எனக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் பலகையைப் படித்தீர்கள். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.’ படித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

தச்சரைக் கூப்பிட்டால் ஒரு சின்னக் கட்டையை வைத்துச் சரிசெய்துவிடுவார். நான்தான் கூப்பிடவில்லை. அது உங்கள் மகளின் நாற்காலி. யோசிக்கும்போது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பாள். மரம் தரையில் தட்டும் சத்தத்தை வைத்தே, நிமிர்ந்து பார்க்காமல், அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியும்.

“நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன் மேடம்” என்று ஆரம்பித்தீர்கள். “முதல்ல பாப்பாவுக்குப் பார்வைதான் மங்கிடுச்சோன்னு நினைச்சேன். கடைக்குக் கூட்டிட்டுப் போயி எழுத்துப் பலகை முன்னாடி உக்கார வச்சேன். கடைசி வரி வரைக்கும் தட்டாம படிச்சா. படிச்சு முடிச்சுட்டு என்னைப் பாத்து, ‘அம்மா, அங்க இதான் எழுதியிருக்கா?’ன்னு கேக்கறா.”

மேசைமேல் இருந்த தேதி முத்திரையை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

“மாத்திரை அட்டையைக் குடுத்தா பேரைப் படிச்சுட்டு அக்கம்பக்கத்துல காட்டிட்டு வர்றா. நேத்து பஸ் வந்துச்சு. நம்பரைப் பாத்தா. பக்கத்துல நின்னவர்கிட்ட என்ன நம்பர்னு கேட்டா. அவர் சொன்னார். அது பத்தாதுன்னு இன்னொருத்தர்கிட்ட கேக்கப் போனா. அதுக்குள்ள பஸ் போயிடுச்சு. அங்கேயே உக்காந்துட்டா மேடம், நடைபாதையில. பெத்தவ நான், பக்கத்துல நிக்கிறேன். நான் சொன்னாக்கூட நம்பல.”

இரண்டு பேரிடம் கேட்டாள் என்று நீங்கள் சொன்னபோது என் மனத்தில் முதலில் தோன்றியது வருத்தம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்கும் முன்னால் வேறொன்று தோன்றி மறைந்தது. இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் எதையும் நம்பாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதை அவள் மறக்கவில்லை.

பிறகு நீங்கள் கேட்க வந்ததைக் கேட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்து அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்ல வேண்டும். அவள் பார்த்தது நிஜம் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்புவாள். வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டாள்.

பதில் சொல்லும் முன் நடந்ததை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்துவிடுகிறேன். வாய்விட்டு அல்ல. இந்த அறையில் இருந்து இருந்து எனக்குச் சத்தமில்லாமல் பேசிப் பழகிவிட்டது. ஆனால் எதையும் மறைக்கப்போவதில்லை. நான் மறைக்கிற சுபாவம் உள்ளவள் அல்ல.

நான் இந்தக் கல்லூரியின் நூலகர். வாரத்தில் ஒரு மணி நேரம் தேடல் வகுப்பு எடுக்கிறேன். வலையில் எப்படித் தேடுவது, அலமாரியில் எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படிச் சந்தேகப்படுவது, இவைதான் பாடம். எழுதியவர் யார், எப்போது எழுதினார், இதை நாம் நம்பினால் யாருக்கு லாபம், அடியில் கொடுத்திருக்கும் மேற்கோள் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்வேன். கடைசியில் ஒரு விதி சொல்வேன்: வலையில் ஒன்று, அலமாரியில் ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால் எழுது. இல்லாவிட்டால் விட்டுவிடு.

“தேடினா முதல்ல வர்றதுதானே மேடம் சரியானது? இல்லாட்டி அது ஏன் முதல்ல வருது?” என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள்.

“பஸ்ல முதல்ல ஏறினவன்தான் டிக்கெட் எடுத்தவன்னு அர்த்தமா?” என்பேன். சிரிப்பார்கள். எனக்கு ‘ஆதாரம் மேடம்’ என்று பெயர். வீட்டில் யாராவது குழம்பில் உப்பு இல்லை என்றால்கூட நான் ஆதாரம் கேட்பேனாம்.

உங்கள் மகளுக்கு அவள் தோழிகள் வைத்த பெயர் குடைச்சல். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாண்டில் வகுப்பு முடிந்ததும் பையைக்கூட மூடாமல் இங்கே வந்து உட்கார்ந்தாள். “மேடம், ஒரே ஒரு சந்தேகம்” என்றாள். அது ஒரே ஒரு சந்தேகமாக ஒருநாளும் இருந்ததில்லை. ஒன்றைத் தீர்த்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். மணி அடித்து, மின்விசிறிகளை அணைத்து, ஜன்னல்களைச் சாத்தும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டாம் ஆண்டும் அப்படித்தான். எனக்கு வீட்டில் காத்திருப்பவர்கள் யாருமில்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை, என் நேரத்தை அவள் வீணாக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் அவள் வருவது குறைந்தது. அவளுக்குச் சந்தேகங்கள் தீர்ந்துவிடவில்லை. அவற்றைத் தானே தீர்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான். ஜன்னலோர மேசையில் அவளைச் சுற்றி மற்ற பெண்கள் உட்கார ஆரம்பித்தார்கள். ஒருநாள் அலமாரிக்குப் பின்னால் நான் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள்.

“மேடம்கிட்ட கேட்டுட்டு வரட்டுமாடி?”

“எதுக்கு? அவங்க எழுதினவன் யாரு, அவன் தாத்தா யாருன்னு ஆரம்பிச்சா பொழுது போயிடும். குடைச்சலைக் கேளு, ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவா.”

நல்ல பதில். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பிறகு ஒரு வகுப்பு. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நானே அவளை வரச்சொல்லியிருந்தேன். நம்பத்தகுந்த பக்கத்துக்கு உதாரணமாக ஒரு கட்டுரையைத் திரையில் காட்டினேன். பின்வரிசையிலிருந்து அவள் கை தூக்கினாள்.

“மேடம், அடியில பாருங்க. அவங்க குடுத்திருக்கற ஆதாரத்தைத் தொட்டா திரும்ப இந்தப் பக்கத்துக்கேதான் வருது. தன் வாலைத் தானே புடிச்சுக்கிட்டு சுத்துது.”

தொட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

“ஆதாரம் மேடத்துக்கே ஆதாரம் இல்லடா” என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வகுப்பு முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, “தப்பா எடுத்துக்காதீங்க மேடம், நீங்க சொல்லிக் குடுத்ததுதானே” என்றாள். “இதுல தப்பா எடுத்துக்க என்னம்மா இருக்கு, எனக்குப் பெருமைதான்” என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று வீட்டுக்குப் போய்த் துணி துவைத்து, உலர்த்தி, வழக்கம்போல் சாப்பிட்டேன்.

அதே வாரம் முதல்வர் கூப்பிட்டார். “பசங்க இப்பல்லாம் அவங்களே தேடிக்கறாங்களே மேடம். இந்த ஒரு மணி நேரத்தை வேற பாடத்துக்குக் குடுத்துடலாமா?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தேன். தேடத் தெரிந்தவர்கள் என்று நாம் நினைக்கிறவர்களும் ஏமாறக்கூடும் என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது. சும்மா ஒரு பயிற்சி. தீயணைப்புக்காரர்கள் ஒத்திகைக்காகப் புகை போட்டுக் காட்டுவதில்லையா, அதுபோல. ஏமாறுகிறவர் சாதாரண மாணவராக இருந்தால் எதுவும் நிரூபணம் ஆகாது. மிகத் திறமையானவராக இருக்க வேண்டும். அதனால்தான் அவள். வேறு காரணம் இல்லை.

அவள் இறுதியாண்டு ஆய்வுக்கு இந்த ஊர் ஆற்றின் பழைய கல்பாலத்தை எடுத்திருந்தாள். ஒரு விடுமுறை நாள் மதியம் உட்கார்ந்து நான் ஒரு பெண்ணை உருவாக்கினேன். பாலம் பாதி எழும்பியபோது பொறியாளர் காய்ச்சலில் விழுகிறார். அவருடைய வரைபடங்களைப் பத்திரப்படுத்தி வந்த மனைவி, கரையில் நின்று மீதிப் பாலத்தைக் கட்டி முடிக்கிறாள். கொண்டையில் பென்சில் செருகியிருப்பாள். தூணுக்குக் கல் இறக்கும்போது அவள் கை உயர்ந்தால்தான் கயிறு தளரும். வேலையாட்கள் அவளைப் பாலக்காரி என்று கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் தன் நினைவுகளை எழுதும் வலைப்பூ என்று ஒன்றைத் தொடங்கி அதில் இதை எழுதினேன். பொய் நிற்பதற்கு அழகு போதாது, அலுப்பு வேண்டும். எனவே சுண்ணாம்பு எந்தப் படகில் வந்தது, மழையில் மூட்டைகள் நனைந்ததற்கு யாரைத் திட்டினார்கள் என்றெல்லாம் இரண்டு பத்தி சேர்த்தேன். அடியில் ஒரு பழைய புத்தகத்தின் பெயரையும் பக்கத்தையும் மேற்கோளாகக் கொடுத்தேன். அப்படி ஒரு புத்தகம் கிடையாது. நான் எழுதியவற்றில் நன்றாக எழுதியது அதுதான். சொல்லப்போனால், எழுதியதே அது ஒன்றுதான்.

பிறகு நூலகக் கணினியின் பட்டியலில் அந்தப் புத்தகத்தைச் சேர்த்தேன். உண்மையான இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் அதற்கு ஓர் அலமாரி எண் கொடுத்தேன். நிலை என்ற இடத்தில் ‘பைண்டிங்கிற்குப் போயுள்ளது’ என்று போட்டேன். வலையில் ஒன்று, அலமாரியில் ஒன்று.

நான் அவளுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை. “பாலம் கட்டினவங்களைப் பத்தித் தேடறியே, வீட்டுப் பொம்பளைங்க பக்கமிருந்து தேடிப் பாத்தியா?” என்று மட்டும் போகிறபோக்கில் கேட்டேன். மறுநாள் காலை கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தாள். நேராக வந்து நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தாள். நாற்காலி ஆடத் தொடங்கியது.

“மேடம், ஒரே ஒரு சந்தேகம்.”

அதைக் கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டிருந்தது.

“இந்தப் புத்தகம் பைண்டிங்லேர்ந்து எப்ப வரும்?”

“வந்துரும்மா. பைண்டருக்குக் கை கொஞ்சம் மெதுவு.”

அவளைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அவள் உடனே நம்பிவிடவில்லை. அந்த நில அளவையாளருக்கு மின்னஞ்சல் எழுதினாள். அது என்னிடம்தான் வந்தது. மூட்டுவலியால் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும் என்று ஆரம்பித்து ஒரு கிழவரின் நிதானத்தில் பதில் எழுதினேன். அதை அவள் தன் போனில் என்னிடமே காட்டினாள்.

“படிச்சுப் பாருங்க மேடம். இவர் எழுதறது அப்படியே உங்களை மாதிரியே இருக்கு.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நாற்காலி நின்றிருந்தது.

“எங்க காலத்துப் பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஒரே அச்சும்மா” என்றேன். நாற்காலி மறுபடி ஆடியது. அதன்பின் அந்தச் சந்தேகத்தை அவள் எழுப்பவில்லை. நானும் பதில் எழுதும்போது கவனமாக இருந்தேன்.

தினமும் வந்தாள். பைண்டிங் வந்ததா என்று கேட்பாள். இல்லை என்பேன். வந்த கையோடு பாலக்காரியைப் பற்றிப் பேசுவாள். அவள் ஏன் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை, கணவர் குணமான பிறகு அவளிடம் என்ன சொல்லியிருப்பார் என்றெல்லாம் கேட்பாள். எனக்குத் தெரிந்த வரையில் சொல்வேன். எனக்குத்தானே தெரியும். மணி அடித்த பிறகும் இருப்பாள். ஆய்வைச் சமர்ப்பிக்கும் முன் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்றுதான் என் திட்டம். சொல்லியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு நாளும் அவள் கிளம்பும்போது, நாளைக்கு இன்னும் நன்றாக எடுத்துச் சொல்லலாம் என்று தோன்றும்.

ஒருநாள் அவள் முகம் தொங்கிப்போய் வந்தாள். “மேடம், பாலக்காரியை விட்டுடப் போறேன்.”

“ஏம்மா?”

“புத்தகத்தைக் கண்ணால பாக்கலை. பாக்காத புத்தகத்தை எப்படிப் போடறது? நீங்கதானே சொல்லுவீங்க, அலமாரியில ஒண்ணுன்னு. மனசு வரலை. ஆனா விட்டுடறேன்.”

கவனியுங்கள், அவள் தப்பித்துவிட்டாள். நான் கற்றுக்கொடுத்த விதியை என்னைவிட நன்றாகப் பின்பற்றி, நான் போட்ட புகையிலிருந்து தானே நடந்து வெளியே வந்துவிட்டாள். அந்த இடத்தில் நான் கை தட்டியிருக்கலாம். வகுப்புக்கு அதைவிட நல்ல பாடம் இருக்க முடியாது. அவள் பையின் மேல் கை வைத்து எழுந்தாள். இனி நாளைக்கு அவள் வருவதற்குக் காரணம் எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

“நான் பாத்திருக்கேம்மா” என்றேன்.

“எதை?”

“அந்தப் புத்தகத்தை. பைண்டிங்குக்கு அனுப்பறதுக்கு முன்னாடி. எழுபத்தி மூணாம் பக்கம். பாலக்காரி அதுல இருக்கா.”

அவள் மெல்லத் திரும்ப உட்கார்ந்தாள். “நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்பப் போதும் மேடம்.”

இதில் அவளுடைய தவறு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அலமாரியைப் பார்க்க வேண்டிய இடத்தில் என்னைப் பார்த்தாள்.

ஆய்வு நன்றாக வந்திருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்குப் பாலக்காரி அத்தியாயம் மிகவும் பிடித்துப்போனது. அதுதான் வினையாயிற்று. பிடித்துப்போகாவிட்டால் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கமாட்டார். அன்று காலை வரலாற்று ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, தேர்வாளரை மதியம் நூலகத்துக்கு அழைத்து வருவதாகச் சொன்னார். சரி என்றேன். அவர்கள் வருவதற்குள் பட்டியலில் இருந்த அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். இல்லாத புத்தகம் நூலகப் பட்டியலில் இருப்பது பிழை, பிழையைத் திருத்துவது என் வேலை. வலைப்பூவையும் அழித்தேன். நில அளவையாளரின் மின்னஞ்சல் கணக்கையும் மூடினேன்.

மூன்று பேரும் வந்தார்கள். உங்கள் மகள் முன்னால் வந்தாள். அவளே கணினியில் புத்தகத்தின் பெயரை அடித்தாள். வரவில்லை. மறுபடி அடித்தாள். போனை எடுத்து வலைப்பூவைத் தேடினாள். அதுவும் இல்லை. மின்னஞ்சலைக் காட்டினாள். அதைப் பார்த்துவிட்டுத் தேர்வாளர், “யார் வேணும்னாலும் யார் பேர்லயும் எழுதிக்கலாமேம்மா” என்றார். வகுப்பில் நான் சொல்லும் வாக்கியம் அது. அவள் ஓடிப்போய் அலமாரியில் தேடினாள். அந்த இரண்டு புத்தகங்களும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் இடைவெளிகூட இல்லை.

“மேடம், பைண்டிங்குக்குப் போயிருந்துச்சே. நீங்க சொன்னீங்களே. எழுபத்தி மூணாம் பக்கம்னு சொன்னீங்களே.”

அவள் தலையில் கை வைத்தேன். “வேற ஏதாவது புத்தகமா இருக்கும்மா. நல்லா யோசிச்சுப் பாரு. அப்படி ஒண்ணு நம்மகிட்ட இருந்ததே இல்லையே. ரொம்ப உழைச்சிருக்க. சரியாத் தூங்கறியா?”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒன்று நான் பொய் சொல்கிறவளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் கண்ணும் காதும் பொய் சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தாள், அவளுடைய வழக்கமான நேர்மையோடு. சுவரில் இருந்த பலகைமேல் அவள் கண் போனது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னைச் சந்தேகப்பட்டாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

பட்டத்தை நிறுத்திவைத்தார்கள். குடைச்சல் என்ற பெயர் போய்க் கட்டுக்கதை என்று பெயர் வந்தது. அவள் வருவது நின்றது. தேடல் வகுப்பு மட்டும் நிற்கவில்லை. இப்படி ஒன்று நடந்த பிறகு அதன் அவசியம் முதல்வருக்குப் புரிந்துவிட்டது.

“என்ன மேடம் யோசிக்கறீங்க?” என்று கேட்கிறீர்கள். நாற்காலியின் விளிம்பில் அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

“ஒண்ணுமில்லம்மா. சொல்லுங்க.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தீர்கள். பார்த்த உடனே தெரிந்தது. சுண்ணாம்புப் படகு, நனைந்த மூட்டைகள், கொண்டையில் பென்சில்.

“ஹிஸ்டரி சார் எடுத்துக் குடுத்தார். அழிச்ச பக்கத்தோட பழைய நகலை வலையில எங்கேயோ சேத்து வச்சிருப்பாங்களாமே. அவருக்கு மனசு கேக்காம தேடியிருக்கார். பாப்பா பொய் சொல்லலைன்னு காலேஜுல ஒத்துக்கிட்டாங்க. அந்த ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதிக் குடுத்தாப் போதுமாம்.”

அழிந்த பக்கங்களை எங்கே தேடுவது என்பது இந்த வருடம் என் வகுப்பில் புதிதாகச் சேர்க்க நினைத்திருந்த பாடம்தான். அதை நடத்த நேரம் இல்லாமல் போனது.

“சார் ஒரு பழமொழி சொல்ல வந்தார். ‘வேலியே’ன்னு ஆரம்பிச்சார். என் முகத்தைப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டார். நானும் மிச்சத்தைக் கேக்கல.”

நீங்கள் என்னைப் பார்க்காமல் தாளைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். மிச்சம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பயிரை மேய்வது. உங்களுக்குத் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

“யாரு செஞ்சாங்க, எதுக்குச் செஞ்சாங்க, எனக்கு வேண்டாம் மேடம். நான் தோண்டவும் மாட்டேன், யார்கிட்டயும் போகவும் மாட்டேன். இந்தத் தாளை அவகிட்ட காட்டினேன். ‘இதை யார் வேணும்னாலும் பிரிண்ட் எடுக்கலாம்மா. இது ஒண்ணுதானே, ரெண்டாவது எங்கே?’ன்னு கேக்கறா. ரெண்டாவது யாருன்னா உங்களைச் சொல்றா. லைப்ரரி மேடம் அப்படி ஒரு புத்தகமே இல்லைன்னாங்க, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க, அப்ப எனக்குத்தான் மூளை கெட்டுப்போச்சுன்னு சொல்றா. நீங்க வந்து, நீ பாத்தது நிஜம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்.”

உண்மையிலேயே குனியப்போனீர்கள். நாற்காலி ஆடியதால் பாதியில் நின்றுவிட்டீர்கள்.

அந்த வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் போய் நின்றால் எழுந்து நிற்பாள். அந்த வாக்கியத்தைச் சொல்வேன். அவள் முகம் மெல்லத் தெளியும். அவளுக்குத் தன் கண்கள் திரும்பக் கிடைக்கும். பேருந்து எண்ணைப் பார்த்துத் தானே ஏறிப் போவாள். யாரையும் எதையும் கேட்க வேண்டியிருக்காது. என்னையும்தான்.

எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். செய்தது நான், முழுதும் நான். அவளுடைய நன்மைக்காகத் தொடங்கியது, கொஞ்சம் நீண்டுவிட்டது. மனம் லேசாக இருக்கிறது. படிப்பு மண்டபத்தில் எல்லா மேசைகளும் காலியாகத்தான் இருக்கின்றன. ஜன்னலோர மேசையில் வெயில் விழுந்திருக்கிறது.

“அது சரிவராதும்மா” என்றேன். “நான் இந்த இடத்தை விட்டு நகர முடியாது. பசங்க திடீர்னு வந்து ஏதாவது கேட்டா, பதில் சொல்ல ஆள் வேணுமே.”

நீங்கள் தாளை மடித்தீர்கள். திரும்பிக் காலியான மண்டபத்தை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள், கடையில் ஒருவருடைய கண்ணைச் சோதிப்பதுபோல.

“அவளை இங்க அனுப்பி வைங்க” என்றேன். “எப்பவும் போல, ஒரே ஒரு சந்தேகம்னு வந்து உக்காரட்டும். நாற்காலியை அப்படியேதான் வச்சிருக்கேன்.”